கேள்வி-பதில்: செப்டிக் டேங்க் தொல்லைகள்

கே: மழைக்காலத்தில் எல்லாக் கழிப்பறைகளிலும் தண்ணீர் இறங்காமல் குபுக் குபுக் என்று சத்தம் வருகிறது. கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடலாமா? – கடலூர் வாசகர்

ப: காசுதான் வீண். ஒரு கழிப்பறை மட்டும் அடைத்தால் குழாயில் கோளாறு. எல்லாம் சேர்ந்து அடைத்தால் டேங்க்கிலோ, அதிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சிக்குழியிலோ கோளாறு. மழையோடு வந்து மழையோடு போனால், நிலத்தடி நீர் ஏறிக் குழி வாங்க மறுக்கிறது. மாடித் தண்ணீர்க் குழாயை யாரோ அந்தக் குழியில் விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கே: பாக்டீரியா பவுடர் கொட்டினால் ஆயுளுக்கும் லாரியே வேண்டாமாமே?

ப: தேவையான பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. மண்ணையும் சாம்பலையும் எந்தப் பவுடரும் தின்னாது. என் வீட்டுப் பரணில் பாதி டப்பா கிடக்கிறது, விலையைக் கேட்காதீர்கள்.

கே: லாரிக்காரர் பத்தே நிமிடத்தில் முடித்து முழுப் பணம் வாங்கினார். மூன்றே மாதத்தில் அடைப்பும் நாற்றமும். – தஞ்சை வாசகி

ப: பாவம், மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறார். ஊருக்கு ஊர் நடக்கும் இந்தப் பித்தலாட்டம் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. டேங்க் வெளியேறு குழாய் மட்டம்வரை எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். அந்தத் தண்ணீரைக் காட்டியே பணம் பறிக்கிறார்கள். கசடு கிடப்பது அடியில், அதுவும் பெரும்பாலும் முதல் அறையில். இரண்டு மூடிகளையும் திறக்கச் சொல்லுங்கள். நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சற்றுப் பொறுத்து எடுங்கள். துணியில் கறுப்பு ஏறிய உயரமே கசடின் உயரம். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கை அது தொட்டால் எடுக்கும் காலம் வந்துவிட்டது. லாரி உறிஞ்சி முடித்ததும் அதே கம்பை மறுபடி இறக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உரிமம் பெற்ற லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

கே: ஆளை உள்ளே இறக்கினால் பாதி விலைக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

ப: விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன நீங்களும் சிக்குவீர்கள். இதில் பேரம் வேறா?

கே: பில்டர் அடித்தளமே போடாமல் மூன்று சிமென்ட் உறை (வளையம்) இறக்கி, அதைச் செப்டிக் டேங்க் என்று விற்றுவிட்டார். பக்கத்துக் கிணறு நாறுகிறது.

ப: அந்தத் தண்ணீரைக் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். கழிவுநீர் இறங்கும் குழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ‘செப்டிக் டேங்க்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தோடும் புகைப்படங்களோடும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது. பில்டரின் ‘பார்த்துக்கொள்ளலாம்’ பேச்சில் அதைக் கரைத்துவிடாதீர்கள்.

கே: மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டோம். மூடி எங்கே என்று நினைவில்லை.

ப: உடையுங்கள். கழிப்பறைக் குழாய் வெளியே வரும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.