வரி நின்றுபோகும் இடம்

அன்புள்ள ஐயா,

நான் காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாசிப்பேன். கட்டுரை எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பாரம்பரிய மேய்ச்சல் நிலமான கொறங்காடு அழிந்துவருவதைப் பற்றி எழுதலாம் என்று குறிப்பெடுத்தேன். நோட்டு நோட்டாக நிரம்பிவிட்டது, கட்டுரை ஒரு பக்கம்கூட வரவில்லை. முழுவதும் தெரிந்துகொண்ட பிறகு எழுதலாம் என்றே தள்ளிப்போகிறது. நான் ஆய்வாளரும் அல்ல. எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தமிழில் எழுதினால் போதுமா, ஆங்கிலத்தில் எழுதினால்தான் பலரையும் சேருமா? கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வகுப்பு உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

க., காங்கேயம் வட்டம்

அன்புள்ள க.,

பழைய கட்டுரைகளைத் தொகுப்புக்காக எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவற்றில் எதையும் முழுவதும் தெரிந்துகொண்டு நான் எழுதவில்லை என்பதுதான் அப்போது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உடனே பதில் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதையும் வகுப்பையும் விட்டுவிடுவோம். தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. 1954-இல் முதல் தொகுதி, 1968-இல் பத்தாவது. இயற்பியலும் மருத்துவமும் தாவரவியலும் அதில் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர்க் காட்டில் முளைக்கும் புல்லைப் பற்றி எழுதத் தமிழ் போதுமா என்று காங்கேயத்திலிருந்து கேட்கிறீர்களே!

இனி அந்த நோட்டுகளுக்கு வருகிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். அங்கே வாக்கியத்தை முடித்துவைப்பவர் வேறொருவர். குறிப்பெடுக்கும்போதும் அவருடைய வாக்கியத்தைத்தான் சுருக்கி எழுதுகிறோம். நமக்கு எது தெரியாது என்பது அதுவரை வெளியே வருவதே இல்லை. நாமே ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதை முடிக்க முடியாமல் நிற்கும்போதுதான் அது தெரிகிறது. எழுதுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறீர்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரியும் என்கிறேன் நான்.

எங்கள் தோட்டம் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது, ஆனால் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசன உரிமை உள்ள நிலங்களில், சேராத நிலம். பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அங்கிருந்து வரும் இந்த வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறைவைத்து, ஒரு போகத்துக்குப் பாதி நிலத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். கட்டியபோது கரையும் மண், தளமும் மண். அதற்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். நான் மண் வாய்க்கால் பக்கம். ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பத்தி சரசரவென்று வந்தது. இரண்டாவது பத்தியில் “வாய்க்கால் கசிவால் கிணறுகள் நிறைகின்றன” என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை.

எந்தக் கிணறுகள்? வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம் வரை? மதகு திறந்து எத்தனை நாளில் ஊற்று எடுக்கும்? அடைத்த பிறகு எத்தனை நாள் நிற்கும்? சின்ன வயதிலிருந்து நீச்சலடித்த கிணறு. அதன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று எழுத எனக்கு ஒரு வரி இல்லை. அந்த வரிக்காகத்தான் வெளியே போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கேட்டேன். வாய்க்கால் பார்க்கும் லஸ்கரோடு கரையில் நடந்தேன். கசிவுத் தண்ணீர் ஓடைகளில் இறங்கி, தடுப்பணைகளில் தேங்கி, கீழே இன்னொரு ஊர்க் கிணற்றில் ஏறுவதை அப்போதுதான் வரிசையாகப் புரிந்துகொண்டேன். கடைசியில், வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போனேன். அங்கே ஒரு விவசாயி என் பேச்சை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கள் கிணற்றில் ஊறுவது எங்கள் மதகுக்கு வரவேண்டிய தண்ணீர்தானே?” என்றார்.

திரும்பி வந்து முதல் பத்தியை மறுபடி படித்தேன். பொது நியாயம் என்று நான் எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்குள்ளும் எங்கள் கிணறும் பேசிக்கொண்டிருந்தது. அது குற்றமல்ல, கிணற்றை நம்பி வாழ்ந்த குடும்பம். ஆனால் அது என் குரலுக்குள் இருக்கிறது என்று அந்தக் கட்டுரை எழுதாமல் எனக்குத் தெரிந்திருக்காது. அதையும் எழுதினேன். இன்றும் நான் மண் வாய்க்கால் பக்கம்தான். கடைமடைக்காரர் கேட்ட கேள்வியும் அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க நிற்கிறது. பதில் சொல்ல முடிந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன், முடியாத இடத்தில் கேள்வியாகவே விட்டிருக்கிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் தன் கட்டுரைகளை 1580-இல் வெளியிட்டார். 1592-இல் இறக்கும் வரை அச்சான பிரதியின் ஓரங்களில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். முடிவாகத் தெரிந்த பிறகுதான் எழுதுவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஓரங்கள் ஏது?

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத வரி ஒன்று உண்டு. “பாரம்பரிய மேய்ச்சல் நிலமான கொறங்காடு அழிந்துவருவதைப் பற்றி.” இது உங்கள் வரி இல்லை. எந்தச் செய்தியிலும் கிடைக்கும் வரி. கொறங்காடு தானாக அழிகிறதா? விற்றார்களா, பங்கு பிரித்தார்களா, மாடு இல்லாததால் சும்மா கிடக்கிறதா? சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை முடிந்து புல் தழைத்ததும் மாட்டை விட்டு, ஒரு காடு தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் புல் காய்ந்துவிட்டால் மரத்திலிருந்து உதிரும் நெற்றை மாடும் ஆடும் தின்னும். தின்ற விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த நிலத்தில்தான். வெளியாளான எனக்கே இவ்வளவு தெரியும். அங்கேயே பிறந்த நீங்கள் எனக்கு எழுதியது ஒரு செய்தித் தலைப்பு!

உங்கள் கடிதத்தில் கொறங்காடு இருக்கிறது, உங்கள் வீடு இல்லை. உங்கள் அப்பாருக்குக் கொறங்காடு இருந்ததா? இப்போது அதில் மாடு மேய்கிறதா, கல்தூண் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்களா? விற்றிருந்தால் அந்தப் பணம் யாருடைய படிப்புக்குப் போனது? நீங்கள் காலையில் திருப்பூருக்குப் பஸ் ஏறுவதற்கும் மாடு கட்டும் கட்டுத்தறி காலியானதற்கும் ஏதாவது உறவு உண்டா? குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அம்மணி. உங்கள் சம்பளம் ஒரு வீட்டைத் தாங்குகிறது என்றால் எனக்கு அது பெருமை. ஆனால் அந்தக் கட்டுரை இந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நோட்டுகளை நிரப்பி நிரப்பி அதிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

தகுதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத உங்களைவிடத் தகுதியான ஆய்வாளர் யார் இருக்கிறார்?

அந்த நோட்டுகளைப் பரண் மேல் போடுங்கள். கொறங்காடு முழுவதையும் எழுத வேண்டாம், வேலியை மட்டும் எழுதுங்கள். கிளுவைப் போத்தை எந்த மாதம் வெட்டி நட்டார்கள், ஆடு நுழையாத அளவுக்கு அடர எத்தனை வருடம் பிடித்தது, யார் கழித்துவிட்டார்கள், பங்கு பிரித்தபோது நடுவேலி யார் பக்கம் போனது. வரி நிற்கும் இடத்தில் பாதியோடு விட்டுவிட்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். கேட்டுவிட்டு வந்து அந்த வரியை முடியுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். நான் திருத்தித் தர மாட்டேன். எனக்குத் தோன்றும் கேள்விகளை எழுதி அனுப்புகிறேன்.