ஃபிரெட்லெஸ் பேஸில் பீசோ பொருத்தினால் சத்தம் ஏன் தகரமாகிறது?

கேட்கப்பட்டது இது: "ஃபிரெட் இல்லாத எலக்ட்ரிக் பேஸில் பிரிட்ஜ் பீசோ பிக்கப் பொருத்தினால் டபுள் பேஸ் ஒலி கிடைக்குமா? பொருத்தியவர்கள் சத்தம் மெலிந்து தகரம் தட்டுவது போல இருக்கிறது என்கிறார்களே?"

முதல் பாதிக்குப் பதில்: கிடைக்காது. டபுள் பேஸின் ஒலியில் பெரும்பங்கு அதன் மேல்பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும் தருவது. கெட்டியான மரக்கட்டையில் அது இல்லை. ஆனால் விரல் கம்பியை விட்டு விலகும் அந்த நொடியின் தடிப்பு, விரல்பலகையில் கம்பி லேசாக உரசி எழும் "ம்வா", கம்பி எந்தப் பொருளால் ஆனது என்பதே காதில் தெரிவது, இவை மூன்றும் காந்தப் பிக்கப்பைவிடப் பீசோவில் மிகத் தெளிவாக வரும். காந்தம் ஒரே ஓர் இடத்தில் நின்று கம்பியின் அசைவைப் பார்க்கிறது. பீசோ (அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகம்) கம்பியின் முனையில் உட்கார்ந்து அது தரும் அழுத்தத்தை வாங்குகிறது. இதற்காகப் பொருத்துகிறீர்கள் என்றால் தாராளமாகப் பொருத்துங்கள்.

இரண்டாம் பாதிதான் முக்கியம். தகரச் சத்தத்துக்குப் பழி எப்போதும் பீசோ மீதே விழுகிறது. பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி அதற்கு அடுத்து இருக்கும் மின்தடைதான்.

உங்களிடம் இருப்பது நான்கு கம்பி, தனித்தனி சாடில் (கம்பி ஒவ்வொன்றையும் தாங்கும் சிறு துண்டு) உள்ள சாதாரண பிரிட்ஜ், இரண்டு காந்தப் பிக்கப், 250 கிலோஓம் வால்யூம் என்று வைத்துக்கொள்கிறேன். பீசோ ஒரு சிறிய மின்தேக்கி மாதிரி. நான்கு சாடிலிலும் இருக்கும் பீசோக்களைச் சேர்த்து 1 நானோஃபாரட் என்று எடுத்துக்கொள்வோம் (உங்களுடையதை மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்). இதை அந்த 250 கிலோஓம் வால்யூமில் நேராகக் கோத்தால் சுமார் 640 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். திறந்த E கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஏறத்தாழ 24 டெசிபல் போய்விட்டிருக்கும். மிஞ்சுவது விரல் சத்தமும் மேல் ஸ்தாயியும் மட்டும். அதைத்தான் தகரம் என்கிறார்கள். 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சொருகினாலும் எல்லை 159 ஹெர்ட்ஸ்தான், E கம்பியில் 12 டெசிபல் நஷ்டம். 10 மெகாஓம் கொடுத்தால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அடி முழுசாக வரும்.

"நான் 1 மெகாஓமில்தான் வாசிக்கிறேன், அடி நன்றாகவே இருக்கிறது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் பெரும்பாலும் பஸ்ஸரில் வரும் 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டத்தை ஒட்டியிருப்பார்கள். அதன் மின்தேக்கம் 20 நானோஃபாரட் அளவு. அதற்கு 1 மெகாஓமே எல்லையை 8 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய்விடும். சாடில் பீசோவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வட்டத்தைப் பிரிட்ஜுக்கு அடியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கெட்டிக்கட்டையில் அது கம்பியைவிட உங்கள் முழங்கை உரசுவதைத்தான் அதிகம் கேட்கும்.

ஆகவே பீசோவுக்குப் பக்கத்திலேயே, கருவிக்குள்ளேயே, ஒரு பஃபர் (உள்ளீட்டு மின்தடை மிக அதிகமாக உள்ள, சிக்னலை அப்படியே கடத்தும் சிறு சர்க்யூட்) வேண்டும். ஏன் உள்ளேயே என்றால், காந்தப் பிக்கப்பில் கேபிள் நீண்டால் மேல் ஒலி மங்கும், பீசோவில் மொத்த அளவே குறையும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள 5 மீட்டர் கேபிளை 1 நானோஃபாரட் பீசோவுக்கு நேராக மாட்டினால் சத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மேலும் கேபிளை மிதித்தால் படபடவென்று கேட்கும்.

பஃபருக்கு டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் சில்லு போதும். ஒரே சில்லில் இரண்டு பாதி: ஒன்று பீசோவுக்கு, மற்றது காந்தப் பிக்கப்புக்கு. 9 வோல்ட் பேட்டரியை இரண்டு 100 கிலோஓமால் பிரித்து நடுவில் 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். பீசோ, 47 நானோஃபாரட் வழியாக ஒரு பாதியின் பிளஸ் உள்ளீட்டுக்கு. அதே புள்ளியிலிருந்து 10 மெகாஓம் அந்த 4.5 வோல்ட்டுக்கு. மைனஸ் உள்ளீட்டை வெளியீட்டோடு கட்டிவிடுங்கள். காந்தப் பிக்கப்பு வழக்கம்போல 250 கிலோஓம் வால்யூமைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒரு 47 நானோஃபாரட் வழியாக, 1 மெகாஓம் வைத்த மற்றப் பாதிக்குள் போகட்டும். இரண்டு வெளியீடும் 1 மைக்ரோஃபாரட் தாண்டி, தனித்தனி 25 கிலோஓம் வால்யூம் தாண்டி, ஆளுக்கொரு 22 கிலோஓம் வழியாகச் சேர வேண்டும். பஃபருக்கு முன்னால் பீசோவையும் காந்தத்தையும் ஒரே பிளெண்ட் கன்ட்ரோலில் கோக்கவே கூடாது. காந்தச் சுருள் சில கிலோஓம்தான், அது பீசோவை அப்படியே விழுங்கிவிடும்.

இங்கே இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளீட்டில் வைக்கும் மின்தேக்கி ஃபிலிம் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் மின்தேக்கிகள் தாங்களே பீசோ போல நடந்துகொள்ளும், கட்டையைத் தட்டினால் அதுவும் சேர்ந்து ஒலிக்கும். அடுத்தது, 10 மெகாஓம் புள்ளியைச் சுற்றிச் சால்டர் ஃபிளக்ஸ் படிந்திருந்தால் ஈரப்பதமான நாளில் மின்சாரம் அதன் வழியே கசியும். திடீரென்று அடி ஒலி குறைந்து கரகரப்பு வந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தூரிகையும் கொண்டு அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். பாதி ரிப்பேர் அதோடு முடிந்துவிடும்.

பீசோ கத்தினால், அதாவது ஓங்கி வாசிக்கும்போது வாத்துக் குரல் மாதிரி நசுங்கினால், அநேகமாகப் பஃபர் 9 வோல்ட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. வால்யூமைக் குறைத்துப் பயனில்லை, நசுங்குவது அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பீசோவுக்கு இணையாக, 47 நானோஃபாரடுக்கு முன்பு, இன்னொரு 1 நானோஃபாரட் போடுங்கள். சிக்னல் சரிபாதியாகும், ஒலியின் நிறம் மாறாது. கீழ் எல்லையும் பாதியாக இறங்கிவிடும் என்பதால் கை படும் "தம் தம்" அதிகமானதுபோல் தெரியும். அப்போது 10 மெகாஓமை 2.2 மெகாஓமாக மாற்றினால் எல்லை 36 ஹெர்ட்ஸில் நிற்கும். E கம்பி சுமார் இரண்டரை டெசிபல் இளைக்கும், மேடையில் அது நல்லதே. ஐந்து கம்பியில் கீழ் B 31 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் 10 மெகாஓமையே வைத்துக்கொள்ளலாம்.

இனி மரவேலை. பழைய சாடில்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் உயரத்தையும் இருப்பிடத்தையும் அளந்து எழுதிவையுங்கள். புதிய சாடில் உங்கள் பிரிட்ஜின் கம்பி இடைவெளிக்கும் திருகு அளவுக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். கிராஃப் டெக் நிறுவனத்தின் கோஸ்ட் போன்ற பீசோ சாடில்கள் பல அளவுகளில் வருகின்றன, தவறான அளவு வந்தால் அராவிச் சரிசெய்ய முடியாது. பிரிட்ஜ் தகட்டின் கீழே, சாடில்களுக்கு நடுவில், 5 மில்லிமீட்டர் துளை போட்டுக் கன்ட்ரோல் குழிக்கு (வால்யூம் இருக்கும் குழி) கொண்டுபோக வேண்டும். நீளமான டிரில் பிட் தேவை. அதன்மேல் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கோணத்தைக் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் வரைந்து பார்த்தபிறகே துளையிடுங்கள். பழைய எர்த் வயரின் துளை இருந்தால் அதையே பெரிதாக்கலாம். தகட்டின் அடியில் வயர்கள் கிடக்க 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் செதுக்குங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டால் தகட்டைத் திருகும்போது வயர் நசுங்கி ஒரு கம்பி ஊமையாகும்.

வயரை வெட்டும் முன் கம்பிகளை மாட்டிச் சுருதி கூட்டி, 12ஆம் ஃபிரெட் இருக்க வேண்டிய கோட்டில் எட்டாம் சுரம் சரியாக விழும்படி சாடில்களை நகர்த்தி வைத்துவிடுங்கள். பிறகு வயரைக் கன்ட்ரோல் குழிப் பக்கம் மட்டும் வெட்டுங்கள். சாடிலுக்கு அடியில் சாடில் முன்னும் பின்னும் நகர ஒரு சென்டிமீட்டர் தளர்வு இருக்கட்டும். சாடில் பக்கத்தில் சால்டர் இரும்பைக் கொண்டுபோகவே வேண்டாம். அதிகச் சூடு பட்டால் படிகம் தன் முனைமையை இழந்துவிடும், அதற்குப் பிறகு அது வெறும் பீங்கான். மறுமுனையிலும் வயரின் உள் உறை மெல்லியது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு காட்டினால் உருகி, நடுக்கம்பி வலையோடு ஒட்டிக்கொள்ளும்.

சால்டர் ஆனதும் ஒவ்வொரு வயரையும் சோதியுங்கள். மல்டிமீட்டரில் மின்தடை எல்லையற்றதாகக் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் உள்ளே ஷார்ட். பிறகு ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் அந்தச் சாடிலை மெல்லத் தட்டுங்கள், எண் துள்ள வேண்டும். நான்கும் துள்ளினால் நான்கையும் இணையாகச் சேர்த்துப் பஃபருக்குக் கொடுங்கள். கம்பி உடலுக்குப் பின்னால் கோக்கப்படும் வகையானால் இன்னொன்றையும் பாருங்கள். சாடில் உலோகமில்லாததாக இருந்தால் கம்பிகளுக்கு எர்த் அறுந்து இரைச்சல் வரும், பின்பக்கக் குமிழ்களை எர்த்தோடு இணைக்க வேண்டும்.

பேட்டரிக்கு ஸ்டீரியோ ஜாக் போடுங்கள். கறுப்பு வயர் ரிங் முனைக்கு, சர்க்யூட் எர்த் ஸ்லீவுக்கு. பிளக் சொருகினால் மட்டும் மின்சாரம் ஓடும். டிஎல்072 மூன்று மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். 500 மில்லிஆம்பியர்-மணி அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 180 மணி நேரம் வரும். டிஎல்062 போட்டால் பல மடங்கு நீளும், ஆனால் இரைச்சல் கூடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்கப்படும் ப்ரீஆம்ப்கள் சிலவற்றில் சில்லின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, பலகை முழுக்கக் கறுப்பு எப்பாக்சியை ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது அநேகமாக மேலே சொன்ன அதே பத்துப் பதினைந்து உதிரிகள். ஒரு சிறு மின்தேக்கி போனால் முழுப் பலகையும் குப்பைக்கு. இசைக்கருவி முப்பது நாற்பது வருடம் வாழ்வது. அதற்குள் வைக்கும் பொருளை ரிப்பேர் செய்யவே முடியாதபடி செய்வது எனக்கு வேதனையான விஷயம். வாங்குவதானால் சர்க்யூட் படம் தருபவர்களிடம் வாங்குங்கள்.

பொருத்தி முடித்து வாசிக்கும்போது ஒரு கம்பி மட்டும் மெலிந்தால் உடனே சாடிலை மாற்றாதீர்கள். அதன் இரண்டு உயரத் திருகில் ஒன்று தகட்டைத் தொடாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். விரலால் சாடிலின் மூலையை அழுத்தினால் ஆடக் கூடாது. அதுவும் சரியாக இருந்தால், கம்பி சாடிலைத் தாண்டி இறங்கும் கோணம் போதாமல் இருக்கும்.

பீசோவையும் காந்தத்தையும் சேர்த்துத் திறந்தால் அடி ஒலி கூடாமல் குறைகிறது என்றால் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. பீசோ வயரைப் புரட்டாதீர்கள், அதன் வெளி வலை எர்த்தில் இருந்தே ஆக வேண்டும். காந்தப் பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள், இரண்டு பிக்கப்பிலும். உலோக மூடி எர்த்தோடு சேர்ந்த பிக்கப்பானால் அதை முதலில் பிரித்தாக வேண்டும்.

கம்பி விஷயத்தில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: பீசோவுக்குப் பிளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய கம்பி) போடுங்கள். ரவுண்டுவவுண்டில் (உருண்டைக் கம்பி சுற்றியது) விரல் வழுக்கும் கீச்சொலி சுரத்தைவிட முன்னால் வந்து நிற்கும். ரவுண்டுதான் வேண்டும் என்றால் பீசோவின் 1 மைக்ரோஃபாரடுக்குப் பிறகு 4.7 கிலோஓமும், அங்கிருந்து எர்த்துக்கு 10 நானோஃபாரடும் வைத்தால் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லச் சரியும், கீச்சொலி பெருமளவு அடங்கும். இந்த இரண்டையும் கடைசியில், எல்லாம் மூடி ஒரு வாரம் வாசித்துப் பார்த்த பிறகு சேருங்கள். புதுக் கம்பியின் பளபளப்பு அதற்குள் தானாகவே குறைந்திருக்கும், பல நேரம் தேவையே இருக்காது.