மூலதனம் யாருடைய பணம்?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை வைத்து எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. மூலதன விதிகளைக் கடுமையாக்கினால் வங்கிகள் பெரும்பணத்தை முடக்கி வைக்க நேரிடும், கடன் சுருங்கும், தொழில் நசியும் என்றார் எங்கள் மேலாளர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதைவிட 1933இன் கிளாஸ்-ஸ்டீகல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதாதா? பெரிய வங்கித் தலைவர் ஒருவரையும் சிறைக்கு அனுப்பாமல் சட்டம் எழுதி என்ன பயன்? இப்போதுள்ள கட்டுப்பாடு அதிகமா, குறைவா என்று ஒரே வார்த்தையில் சொல்வீர்களா? பின்குறிப்பு: நான் எழுதும் குறிப்புகளை யாராவது படிக்கிறார்களா என்றே சில நாட்களாகச் சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் இரு தரப்பிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிளாஸ்-ஸ்டீகலை முதலில் முடித்துவிடுகிறேன். டெபாசிட் வாங்கும் வங்கியையும் பங்கு, பத்திர வியாபாரம் செய்யும் நிறுவனத்தையும் பிரித்துவைத்த அந்தச் சட்டத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2008இல் விழுந்த முதலீட்டு வங்கிகளான பியர் ஸ்டெர்ன்ஸும் லேமன் பிரதர்ஸும் பொதுமக்களின் டெபாசிட்டில் ஓடிய நிறுவனங்கள் அல்ல. அந்தச் சுவர் அப்படியே நின்றிருந்தாலும் அவை விழுந்திருக்கும். சிறை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. 1980களின் சேமிப்பு, கடன் நிறுவனச் சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். 2008க்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது வேறொன்று. "முடக்கி வைக்க நேரிடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. உங்கள் மேலாளர் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். இடர் மேலாண்மைப் பிரிவில் சம்பளம் வாங்கும் நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லலாமா? பாடப்புத்தகத்தை மூடிவைத்து எத்தனை காலம் ஆயிற்று? மூலதனம் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் பணம் அல்ல. வங்கி கொடுக்கும் கடனுக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அதில் பங்குதாரர்கள் போட்டது எவ்வளவு, பிறரிடம் வாங்கியது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பங்குதாரர் போட்ட டாலரையும் கடனாகக் கொடுக்கலாம். அதைத் தடுக்கும் மூலதன விதி எதுவும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு வங்கியிடம் 100 டாலர் சொத்து இருக்கிறது. 3 டாலர் பங்குதாரர்களுடையது, 97 டாலர் வங்கி பிறரிடம் வாங்கியது. சொத்தின் மதிப்பு 4 டாலர் குறைந்தால் வங்கி திவால். அதே வங்கியில் பங்குதாரர் பணம் 20 டாலர் என்றால், அந்த 4 டாலர் நஷ்டம் அவர்களுக்கு வலிக்கும், ஊருக்கு வலிக்காது. இரண்டு வங்கிகளும் கொடுத்திருக்கும் கடனின் அளவு ஒன்றேதான். பிறகு ஏன் எதிர்ப்பு? ஓர் ஆண்டில் 1 டாலர் லாபம் வந்தால், 3 டாலர் போட்டவருக்கு அது 33 சதவீதம், 20 டாலர் போட்டவருக்கு வெறும் 5 சதவீதம். தலைமை அதிகாரியின் போனஸ் இந்தச் சதவீதத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படும்போது அவர் எந்தக் கணக்கை விரும்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. கடனுக்குக் கட்டும் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, ஈவுத்தொகைக்கு இல்லை; ஆகவே சொந்தப் பணம் வங்கிக்குச் செலவு கூடியது. ஒரே ஆண்டில் உயர்த்தச் சொன்னால், புதிய பங்குகளை விற்பதற்குப் பதிலாகக் கடனைச் சுருக்கி வங்கிகள் விகிதத்தைச் சரிக்கட்டும். அதனால்தான் கால அவகாசம் தருகிறார்கள். 2010இல் வந்த பாசெல் 3 என்ற பன்னாட்டு வங்கி விதிகள் அப்படித்தான் படிப்படியாக வந்தன. அந்த விதிகள்கூட மொத்தச் சொத்தில் 3 சதவீதத்தைத்தான் குறைந்தபட்சமாகக் கேட்டன. மேலே நான் போட்ட முதல் கணக்கு அதுதான். 2023 ஜூலையில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பெரிய வங்கிகளின் மூலதனத்தை உயர்த்த ஒரு வரைவு கொண்டுவந்தபோது, வங்கிகள் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்து எதிர்த்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அன்றைய துணைத் தலைவர் மைக்கேல் பார் அந்த உயர்வை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தார்.

லேமனைப் பாருங்கள். 2007 முடிவில் ஒரு டாலர் சொந்தப் பணத்துக்கு ஏறக்குறைய 30 டாலர் சொத்து வைத்திருந்த நிறுவனம் அது. வீட்டுக் கடன் சந்தை கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த 2008 ஜனவரியில், அதன் நிர்வாகம் ஈவுத்தொகையை 13 சதவீதம் உயர்த்தியது. 10 கோடிப் பங்குகள் வரை திரும்ப வாங்கவும் ஒப்புதல் தந்தது. நஷ்டத்தைத் தாங்க வேண்டிய பணத்தை எடுத்துப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்துகொடுத்தார்கள். செப்டம்பர் 15 அன்று திவால் மனு. அந்த ஜனவரியில் அவர்களைத் தடுக்க ஒரு விதி இருந்திருந்தால், எந்தத் தொழில் நசிந்திருக்கும்? இதை உங்கள் மேலாளரிடம் அவசியம் கேளுங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஃபெடரல் ரிசர்வின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் அமர்ந்து, வங்கிகள் தம் சுயநலத்துக்காகவாவது பங்குதாரர்களைக் காப்பாற்றும் என்று நம்பியது தவறு என்று ஒப்புக்கொண்டார். பத்தே ஆண்டுகளில் அதை மறந்தார்கள். எவ்வளவு பெரிய வங்கிக்குக் கடுமையான மேற்பார்வை என்ற வரம்பு 5,000 கோடி டாலர் சொத்திலிருந்து 25,000 கோடி டாலருக்கு 2018இல் உயர்த்தப்பட்டது. அந்த வரம்பை உயர்த்துங்கள் என்று 2015இலேயே செனட் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் சிலிக்கான் வேலி வங்கியின் தலைவர் கிரெக் பெக்கர். 2022 முடிவில் அந்த வங்கியின் சொத்து ஏறக்குறைய 20,900 கோடி டாலர். வரம்புக்குள் பத்திரமாக இருந்தது. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் டெபாசிட்தாரர்கள் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது.

இங்கேதான் உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். கடிதத்தில் முதலில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். அந்த வங்கியைப் பற்றி ஃபெடரல் ரிசர்வ் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையை அண்மையில் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். வட்டி உயர்ந்தால் தாங்காது என்று வங்கியின் சொந்த மாதிரிக் கணக்கே காட்டியது. வங்கி தனக்கே வகுத்துக்கொண்ட வரம்பைத் தாண்டிவிட்டது. 2022 ஏப்ரலில் என்ன செய்தார்கள் தெரியுமா? வட்டி உயர்ந்தால் மதிப்பிழக்கும் நீண்டகாலப் பத்திரங்களைக் கையில் குறைத்துக்கொள்ளவில்லை. டெபாசிட்டுகள் இன்னும் அதிக காலம் தங்கும் என்று மாதிரியில் ஓர் அனுமானத்தை மாற்றினார்கள். தாளில் ஆபத்து குறைந்துவிட்டது. அதே ஆண்டில் பல மாதங்கள் அங்கே தலைமை இடர் அதிகாரியே இல்லை. வங்கி விழுந்த நாளில், மேற்பார்வையாளர்கள் எழுதிக் கொடுத்து இன்னும் சரிசெய்யப்படாத குறைகள் 31. எழுதினார்கள்; எழுதியதோடு நின்றார்கள். மேற்பார்வையாளர்கள் போதிய வேகத்தோடு வற்புறுத்தவில்லை என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

அந்த அனுமானத்தை மாற்றிய நாளில், உங்களைப் போன்ற ஒருவர் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பார் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இத்தனை கோபப்படுகிறேன், தம்பி. படிக்கவில்லை என்பதற்காக எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி போடுங்கள். எந்த அனுமானத்தை, யார் சொல்லி, எப்போது மாற்றினீர்கள் என்பதை மாற்றிய அன்றே எழுதிக் கோப்பில் சேருங்கள். காரணம் சொல்லாமல் மாற்றச் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். மேலாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கட்டுப்பாடு அதிகமா, குறைவா என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சட்டத்தின் பக்கங்கள் அதிகம், மூலதனம் குறைவு. சிறிய வங்கிகள் நிரப்பும் படிவங்களில் பாதியைக் குறைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். அந்த 3 சதவீதத்தை மட்டும் உயர்த்துங்கள் என்பேன். எவ்வளவுக்கு உயர்த்துவது என்று உங்கள் வங்கியின் ஐந்தாண்டு நஷ்டக் கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.