பாத்தி குளிராம இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: அக்கா, நாங்கள் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறம். பின்வளவில பலகை அடிச்சு ரெண்டு உயரப் பாத்தி போட்டிருக்கிறன். பச்சைமிளகாயும் கத்தரியும் செப்ரெம்பரிலதான் காய்க்கத் தொடங்குது, ஒக்ரோபரில ஒரு ராத்திரிப் பனியோட எல்லாம் கறுத்துப்போகுது. பாத்தியைச் சூடா வைச்சிருக்க வழி இருக்கோ?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: மார்ச்சில வீட்டுக்குள்ள விதை போட்டு, யன்னலோரம் வைச்சுப் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்று ஒரே ராத்திரியில கறுக்கேக்க வயிறு எரியும்தான் தங்கச்சி. உயரப் பாத்தி வசந்தத்தில கெதியாச் சூடேறும், ஆனா நாலு பக்கமும் காத்துப் படுறதால குளிர் வரேக்க அதே கெதியில குளிர்ந்தும் போகும். அதால முதல்ல பக்கங்களை மறையுங்கோ. இலை கூட்டிப் போடுற பிறவுண் பேப்பர் பை இருக்கெல்லோ, காய்ஞ்ச இலையை நிரப்பிப் பலகையோட சாத்தி விடுங்கோ, காசே இல்லாத கம்பளி அது.

மேல, அரை இஞ்சி பிவிசி பைப்பை வில்லு மாதிரி வளைச்சு நட்டு, தோட்டக் கடையில விக்கிற மெல்லிய வெள்ளைத் துணியால மூடினா ரெண்டு மூண்டு பாகை சூடு நிக்கும். பின்னேரம் வெயில் இருக்கேக்கயே மூடுங்கோ, ஏனெண்டா பகல்ல மண் குடிச்ச சூட்டைத்தான் நாங்கள் பிடிச்சு வைக்கிறம், இருட்டினாப் பிறகு மூடினா அதில பாதி போயிடும். பிளாஸ்ரிக் போடுறதெண்டா இலையில முட்டக்கூடாது, முட்டின இடம் கருகும், விடிஞ்சு வெயில் வந்த உடன திறக்கவும் வேணும், இல்லாட்டி உள்ள அவிஞ்சுபோகும். கறுப்புப் பெயின்ற் அடிச்ச கான்களில தண்ணி நிரப்பி நடுவில வைச்சா, பகல்ல வாங்கின சூட்டை ராவில மெல்ல மெல்ல விடும்.

ஆனா உண்மையைச் சொல்லோணும். 10 பாகைக்குக் கீழ போனா மிளகாய் உயிரோட நிக்குமே தவிரக் காய்க்காது, வெண்டி இன்னும் குளிர் தாங்காது. உங்கட பிரச்சினை ஒக்ரோபரில்லை, மே மாசம். ஏப்ரல் நடுவில கண்ணாடி மாதிரித் தெரியிற பிளாஸ்ரிக்கை வெறும் மண்ணில இழுத்து விரிச்சு, ஓரத்துக்குக் கல்லு வைச்சு ரெண்டு மூண்டு கிழமை விடுங்கோ (கறுப்பை விட இதுதான் மண்ணைக் கூடச் சூடாக்கும்). எல்லாரும் மே மாசம் 24க்குக் கிட்ட வாற விக்ரோறியா டே லோங் வீக்கெண்ட் மட்டும் காத்திருப்பினம், நீங்கள் ஒரு கிழமை முந்தி நட்டு அதே துணியால ராவில மூடலாம். ஓகஸ்ற்றிலயே காய் பிடுங்கத் தொடங்கினா ஒக்ரோபர்ப் பனி இவ்வளவு நோகாது.

இந்த முறை நல்லாக் காய்ச்ச மிளகாய்க் கன்று ஒண்டைப் பனிக்கு முந்தியே கிண்டி, சாடியில வைச்சு உள்ள எடுங்கோ, இலைக்குக் கீழ பேன் இருக்கோ எண்டு பார்த்துக் கழுவிப்போட்டு. அடுத்த மே மாசம் அது பெரிய கன்றா வெளிய வரும்.