கரிய சேறா, மணலா: மட்டியை எங்கே விடுவது?

கேள்வி: கிண்ணியாவில் களப்போரமாக மட்டி விட்டு வளர்க்க இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறோம். ஒன்று கண்டலடியில் உள்ள கரிய சேறு. மற்றது வள்ளங்களின் பூச்சைச் சுரண்டும் துறையை அடுத்த மணல். ஆய்வுகூட அறிக்கைப்படி, சேற்றில் செப்பு மணலில் உள்ளதைவிட இரண்டு மடங்கு. மணல்தானே நல்லது? அல்லது சேற்றின் மேற்பகுதியை வழித்தெடுத்துவிட்டு அங்கேயே விடலாமா?

பதில்: இரண்டிலும் அவசரப்பட வேண்டாம். ஆய்வுகூடம் மண்ணைக் காயவைத்து, வலிய அமிலத்தில் கரைத்து, அதிலிருந்த செப்பு முழுவதையும் அளந்து தந்திருக்கிறது. குறை சொல்லவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். ஆனால் மண்ணில் புதைந்த மட்டியைச் சூழ்ந்திருப்பது மண்மணிகளுக்கு நடுவே ஊறி நிற்கும் நீர். அந்த நீரில் எவ்வளவு செப்பு கரைந்திருக்கிறது என்பதை உங்கள் அறிக்கையிலிருந்து அறிய வழியில்லை.

கண்டலடிச் சேற்றில் கையை விட்டுப் பாருங்கள். மேலே நகக்கனத்துக்குத் தவிட்டு நிறம். கீழே கரி, அழுகிய முட்டை நாற்றம். கடல்நீரின் சல்பேற்றைக் காற்றில்லாத இடத்துப் பக்டீரியாக்கள் சல்பைட்டாக மாற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்ததால் வந்த கருமை அது. அங்கே செப்பு வந்து சேர்ந்தால், சல்பைட்டு இரும்பை விட்டுவிட்டுச் செப்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட செப்பு நீரில் கரைவதேயில்லை என்று சொல்லிவிடலாம். செப்பு, ஈயம், கட்மியம், நாகம் (துத்தநாகம்), நிக்கல் என்ற வரிசையில் இந்தப் பிடி தளர்ந்துகொண்டே போகும். சல்பைட்டு போதாமல் போனால் முதலில் நழுவுவது நிக்கல்தான், செப்பு கடைசி. போதாததற்கு, உக்கிய கண்டல் இலையும் செப்பை இறுகப் பிடிக்கும்.

மணலில் சல்பைட்டும் சொற்பம், உக்கலும் சொற்பம். அங்கே விழுவதோ வள்ளத்து அடிப்பூச்சின் செதில். அந்தச் சிவப்புப் பூச்சுகள் பலவற்றில் செப்பு ஒட்சைட்டு இருக்கிறது. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்க, நீரில் மெல்ல மெல்லக் கரையவென்றே சேர்க்கப்பட்டது. பாதி செப்புள்ள மணல் இரட்டிப்புச் செப்புள்ள சேற்றைவிட ஆபத்தாக இருக்கக்கூடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி இதைக் கணக்காகவே தருகிறது. குளிர்ந்த ஐதான அமிலத்தில் சல்பைட்டோடு சேர்ந்து வெளிவரும் உலோகங்களின் மூல் அளவிலிருந்து சல்பைட்டின் மூல் அளவைக் கழித்து, மிச்சத்தை மண்ணின் சேதனக் காபனால், அதாவது உக்கல் போன்றவற்றில் உள்ள காபனால், வகுக்க வேண்டும். கிராம் காபனுக்கு 130 மைக்குரோமூலுக்குக் கீழ் என்றால் இந்த உலோகங்களால் தீங்கு வராது என எதிர்பார்க்கலாம். 3000ஐத் தாண்டினால் வரும் என்றே கொள்ளலாம். நடுவில் இருந்தால் அந்த மண்ணில் உயிரினங்களை வளரவிட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சேற்றை வழிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஒரு பிடி கரிச்சேற்றைக் காலையில் பலகையில் அப்பி வைத்தால், சிறிது நேரத்தில் மேற்புறம் பழுப்பாகத் தொடங்கும். காற்றின் ஒட்சிசன் இரும்புச் சல்பைட்டைச் சிதைக்கிறது. செப்புச் சல்பைட்டு சற்று நாள் தாங்கும், ஆனால் அதுவும் சிதைந்து, பிடித்திருந்த செப்பை விட்டுவிடும். வழித்த இடத்தில் கலங்கிய சேற்றுக்கும் இதே கதிதான்.

இதற்காகக் கரிச்சேற்றைக் கொண்டாடவும் முடியாது. அந்த நாற்றத்துக்குக் காரணமான ஐதரசன் சல்பைட்டே மட்டிக்கு நஞ்சு. இரசம் (பாதரசம்) இந்தக் கணக்குக்குள் அடங்காது; அதே காற்றில்லாச் சேற்றில்தான் பக்டீரியாக்கள் அதை இன்னும் கொடிய மெதைல் இரசமாக்குகின்றன. மட்டி விழுங்கும் துணிக்கைகளிலிருந்தும் உலோகம் சதையில் சேரும். விற்கும் முன் சதையையும் சோதிக்கக் கொடுங்கள்.

என் யோசனை, இரண்டுக்கும் இடைப்பட்ட இடம்: துறையிலிருந்து தள்ளி, மணல் கலந்த சேறு, தவிட்டுப் படை ஒரு விரல் கனமாவது உள்ளது, புழுவளைகள் நிறைந்தது. மண்ணை மறுபடி சோதிக்கக் கொடுத்தால் போத்தலை விளிம்புவரை நிரப்பி, காற்று புகாமல் மூடி, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். காயவைத்தால் சல்பைட்டு அளவு பொய்யாகிவிடும். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் இறங்கி உப்பு குறையும்போது கட்மியத்தின் நச்சுத்தன்மை கூடும். ஆகவே கோடையில் ஒரு முறை, மாரியில் ஒரு முறை எடுப்பது நல்லது.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. பேசின்களில் அந்தந்த மண்ணைப் போட்டு, ஒரே கடல்நீரை ஊற்றி, தெளிந்தபின் ஒவ்வொன்றிலும் இருபது மட்டியை மேலே வையுங்கள். மட்டி தானாக விளையும் இடத்து மணலையும் சேற்றையும் கூடவே வைத்து, மணலை மணலோடும் சேற்றைச் சேற்றோடும் ஒப்பிடுங்கள். எத்தனை, எவ்வளவு நேரத்தில் புதைகின்றன என்று குறியுங்கள். துறையோர மணலில் மட்டும் மறுநாளும் பல வெளியே கிடந்தாலோ, புதைந்தவை மேலே ஏறி வாய் பிளந்தாலோ, அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.