தக்காளிக்குள் மீன் இருக்கிறதா?

கேள்வி: நான் பிறந்ததிலிருந்து சைவம். மீனின் மரபணுவைத் தக்காளியில் வைத்துவிட்டார்கள், இனிமேல் தக்காளியும் அசைவம்தான் என்று என் நாத்தனார் அடித்துச் சொல்கிறார். செதிலும் வாலும் முளைத்த தக்காளிப் படம் ஒன்றையும் செல்போனில் காட்டினார். சிரித்துவிட்டேன், ஆனால் அன்றைக்குச் சமைக்கும்போது தக்காளியைத் தொட மனசு வரவில்லை. மரபணு மாற்றிய பயிர்களைச் சைவர்கள் சாப்பிடலாமா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் நாத்தனாருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். மீன் தக்காளி முழுக் கட்டுக்கதை இல்லை. உறைபனிக் கடலில் வாழும் தட்டைமீன் ஒன்றின் ரத்தத்தில், பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவைத் தக்காளிச் செடியில் வைத்தால் பனியில் செடி கருகாதே என்று யோசித்த ஓர் அமெரிக்க நிறுவனம், 1991 வாக்கில் அதை வயலில் நட்டும் பார்த்தது. பலிக்கவில்லை. அந்தத் தக்காளி கடைக்கு வரவே இல்லை.

கடைக்கு வந்தது வேறொன்று. 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபிளேவர் சேவர் தக்காளி. அதில் பழத்தைக் குழைய வைக்கும் தக்காளியின் சொந்த மரபணு ஒன்றையே தலைகீழாகத் திருப்பி வைத்து, அதன் வேலையை முடக்கியிருந்தார்கள். மீனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதுவும் சில வருடங்களில் கடையைவிட்டுப் போய்விட்டது. இந்த இரண்டு தக்காளியும் ஊர்ப்பேச்சில் ஒன்றாகி, 30 வருடம் கழித்து உங்கள் சமையலறை வரைக்கும் வந்திருக்கின்றன.

சரி, இப்போது உலகத்தில் பெருவாரியாக விளையும் மரபணு மாற்றப் பயிர்களில் என்னதான் வைத்திருக்கிறார்கள்? புழுவைக் கொல்லும் மக்காச்சோளத்தில் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவிலும் பாக்டீரியா மரபணுதான். ஹவாய்த் தீவில் நோயால் அழிந்துகொண்டிருந்த பப்பாளியை 1998இல் காப்பாற்றியது, அந்த நோயைத் தரும் வைரஸின் மேலுறைக்கான மரபணு. எதிலும் ஆடு, மாடு, மீன் இல்லை. பாக்டீரியாவை அசைவம் என்று ஒதுக்கினால் தயிரையே தொட முடியாது. இன்னொன்று: சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 291 வகைகளைச் சோதித்துப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அத்தனையிலும் பாக்டீரியா மரபணு இருந்தது. அதை எந்த ஆய்வகமும் வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே தானாகப் புகுந்திருக்கிறது.

இருந்தாலும் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். நாளைக்கே நிஜமாக ஒரு மீன் மரபணு வைத்த பயிர் வந்தால் என்ன செய்வது?

என் மகளின் பள்ளிப் பாடத்துக்காக ஒருமுறை வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்த நீரில் கரைத்து வடிகட்டினோம். அதன் மேல் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால், சளி மாதிரி வெள்ளை நூல் திரண்டு மேலே வரும். அதுதான் டிஎன்ஏ, மரபணுக்கள் எல்லாம் இருக்கும் நூல். கோழி ஈரலில் செய்தாலும் அதே வெள்ளை நூல்தான் வரும். பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று நான்கே எழுத்துகளில் எழுதிய குறிப்பு அது. இன்றைக்கு ஒரு மீனின் மரபணு வேண்டுமென்றால் மீனைப் பிடிக்க வேண்டியதில்லை. கணினியில் இருக்கும் வரிசையைப் பார்த்து ஆய்வகத்தில் கோத்துவிடுவார்கள். அதனால் ஒரு மரபணு எந்தப் பிராணியில் முதலில் இருந்தது என்பதை வைத்து மட்டும் ஒரு காயை அசைவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை, சீஸ். பால் திரிய வேண்டும் என்பதற்காக நூற்றாண்டுகளாகச் சேர்த்து வந்தது ரென்னெட். பால்குடி மறக்காத கன்றைக் கொன்று, அதன் நான்காம் இரைப்பையிலிருந்து எடுப்பது. சைவம் என்று நினைத்து எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்! அதில் வேலை செய்யும் கைமோசின் என்ற என்சைமின் மரபணுவைப் பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் ஈஸ்டிலும் வைத்து, தொட்டியில் வளர்த்து எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1990இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போது அந்த நாட்டில் செய்யும் சீஸில் பெரும்பங்கு இப்படித்தான் உருவாகிறது. மரபணு கன்றுடையது, என்சைமும் அச்சு அசல் அதேதான், ஆனால் கன்று சாகவில்லை. கன்றைக் காப்பாற்றியது மரபணு மாற்றம்தான். நான் அந்தச் சீஸைத் தயங்காமல் சாப்பிடுகிறேன்.

ஆனால் எனக்கும் ஓர் இடத்தில் கை நின்றுவிடுகிறது. பன்றித் தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தைச் சோயா விதைக்குள்ளேயே விளைய வைத்திருப்பதாக மூலெக் என்ற நிறுவனம் 2023இல் அறிவித்தது. விதையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. சில விதைகளில் கரையும் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் அந்தப் புரதம்தானாம். ஒரு பன்றிகூடச் சாகவில்லை. என் கணக்குப்படி இது சைவம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வாயில் வைக்க மாட்டேன். சீஸில் கைமோசின் துளியூண்டு. அதன் வேலை முடிந்ததும் பெரும்பகுதி திரிந்த நீரோடு போய்விடுகிறது. இங்கே இறைச்சிப் புரதமே சரக்கு, அந்த ருசிக்காகத்தான் பயிரே. என் தராசு கொஞ்சம் சாய்கிறது என்று தெரிகிறது, சாயட்டும். உயிர் போகக் கூடாது என்பதற்காகச் சைவமாக இருப்பவர் அந்தச் சோயாவைச் சாப்பிடலாம். இறைச்சி என்றாலே ஒவ்வாது என்பவர் தொட வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், மரபணுவைவிட எனக்குப் பெரிதாகப் படுகிற ஒரு விஷயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எலிகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மரபணு மாற்றப் பயிருக்கு அனுமதி கேட்டால், அதை 90 நாள் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்த விவரத்தைக் காட்ட வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. சோதனை முடிந்ததும் எலிகளைக் கொன்று உறுப்புகளைப் பார்ப்பார்கள். இறைச்சியே இல்லாத பர்கர் செய்யும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனமும் மரபணு மாற்றிய ஈஸ்டில் செய்த தன் சோயாப் புரதத்தை 188 எலிகளில் சோதித்து, விலங்கு உரிமைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. தட்டில் மாமிசம் இல்லாவிட்டாலும் பின்னால் சில உயிர்கள் போயிருக்கின்றன. கொல்லாமைக்காகச் சைவமாக இருப்பவர் தயங்குவதற்கு மீன் மரபணுவைவிட இது நியாயமான காரணம். மருந்துகளுக்கும் பல உணவுச் சேர்க்கைகளுக்கும் இதே கதைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதில் முழுக்கச் சுத்தமாக யாரும் இருக்க முடியாது.

எண்ணெய், சர்க்கரை பற்றியும் கேட்பீர்கள். மரபணு மாற்றிய சோயாவிலிருந்து எடுத்தாலும், நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது. சர்க்கரையும் அப்படித்தான். களைக்கொல்லி, விதை உரிமை, கம்பெனிகளின் பிடி என்று இந்தப் பயிர்களோடு சண்டை போட நிறையக் காரணங்கள் உண்டு. அவை சைவமா அசைவமா என்ற கேள்விக்குள் வராது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

தக்காளியை வழக்கம்போல வெட்டுங்கள். நாத்தனார் மறுபடியும் செல்போனை நீட்டினால், அவர் கடைசியாகச் சாப்பிட்ட சீஸில் எந்த ரென்னெட் இருந்தது என்று கேளுங்கள்.