வட சென்னையில் தினசரி ஓட்டத்துக்குப் பட்ஜெட் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?

தண்டையார்பேட்டையில் வாடகை வீடு, வேலை கிண்டியில், பட்ஜெட் பத்து லட்சத்துக்குள், மழைத்தண்ணியை நினைத்தால் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் ரேஞ்ச் (ஒரு ஃபுல் சார்ஜில் போகும் தூரம்) எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் போட முடியுமா, எர்த் (கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஏரியாவில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓட்டுவது டாடாவின் டியாகோ இவி, 24 கிலோவாட் அவர் (அதாவது 24 யூனிட்) பேட்டரி. 315 கி.மீ. என்று கம்பெனி சொன்னது சோதனைக் கணக்கு. நம் வெயிலில் ஏசி போட்டு ஓட்டினால் 180, 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிக்குப் போய்வர அதுவே மிச்சம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரியும். கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் கடுப்பது கிடையாது. நிற்கிற நேரத்தில் கரன்ட் இழுப்பது பெரும்பாலும் ஏசி மட்டும்தான். ரீஜென் என்கிற, ஓடுகிற வேகத்தை மறுபடி கரன்ட்டாக்கும் வசதியைக் கூட்டி வைத்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வேகம் குறைந்து, அந்தச் சக்தியில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. ஊர்ந்து போகிற ட்ராஃபிக்கில் யூனிட்டுக்கு ஏழெட்டு கி.மீ. வரும். பைபாஸில் நூறில் விரட்டினால்தான் குறையும்.

இப்போது எர்த். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகள் பலவற்றில் அது பெயருக்குத்தான் இருக்கும். கடல் காற்றில் கம்பியும் கிளாம்பும் அரித்துப் போயிருக்கும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. அதை வண்டிக் கோளாறு என்று நினைக்காதீர்கள். எட்டொன்பது மணி நேரம் விடாமல் லோடு ஓடும் என்பதால் மெயின் போர்டிலிருந்து தனி காப்பர் ஒயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச்), தரமான 15 ஆம்பியர் சாக்கெட் போடச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்காரர் கரன்ட் பில்லை நினைத்துத் தயங்குவார். வண்டிக்கு ஆகும் கரன்ட்டைத் தனியாகக் காட்டும் சப் மீட்டரின் செலவு உங்களுடையது என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே தனி மீட்டர் என்றால், இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டக்கூடும். அதற்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேலே போகும். அந்த ரேட்டில் போட்டாலும் கி.மீ.க்கு ஒன்றே கால் ரூபாய் பக்கம்தான் வருகிறது. இதே ட்ராஃபிக்கில் லிட்டருக்கு 14 கொடுக்கிற பெட்ரோல் வண்டிக்கு ஏழு ரூபாய்.

மழைக்கு: பேட்டரி ஐபி67 தரம். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்த தரம் அது. அதை நம்பி வியாசர்பாடி, கணேசபுரம் சப்வேயில் தேங்கிய தண்ணியில் இறங்கிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஃபுல் சார்ஜ் ஏற்றி, வண்டியை மேடான இடத்தில் போட்டுவிடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணி நின்றதையும் கரன்ட் போனதையும் நாம் எல்லாரும் பார்த்தோமே.

டியாகோ இவியில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான். லாரி ரோட்டில் ஆணி, போல்ட் நிறைய கிடக்கும். டயர் காற்றை வாராவாரம் பாருங்கள். இன்னும் சின்னதாக, சந்தில் திருப்ப வசதியாக வேண்டுமென்றால் எம்ஜி காமெட் இருக்கிறது. ஆனால் அதில் டிசி ஃபாஸ்ட் சார்ஜ் (வெளியே ஸ்டேஷனில் வேகமாக ஏற்றும் வசதி) இல்லை. அவ்வப்போது திருவண்ணாமலை, வேலூர் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு டியாகோதான் சரி.

வண்டியை ரோட்டோரம்தான் நிறுத்துவீர்கள் என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் விலை வீட்டு ரேட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், தினமும் காத்திருக்கவும் வேண்டும். ஷோரூமில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.